டாலி அண்ணாச்சி வீட்டுக் கத்திச் சுவர்

தூத்துக்குடியில் வீடு கட்டியவர்கள் எல்லோரும் உப்புக்காற்றிடம் ஏதாவது ஒன்றைத் தோற்றிருப்பார்கள். ஜன்னல் கம்பியைத் தோற்றவர்கள் உண்டு, சைக்கிளைத் தோற்றவர்கள் உண்டு. கல்யாணச் சீராக வந்த இரும்புப் பெட்டி, முதல் பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்குள் அடியில் ஓட்டை விழுந்து நிற்கும். அந்தக் காற்றோடு நேருக்கு நேர் சண்டைக்கு நின்று, மூக்கு உடைந்த பிறகும் தோற்றதாக ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் டாலி அண்ணாச்சிதான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று கோயில் ஏட்டில் இருக்கத்தான் செய்யும். எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரியாது. புதிதாக வந்த தபால்காரர் ஒருமுறை அந்தப் பெயருக்கு வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு தெருவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் அண்ணாச்சியிடமே வந்து, "இப்படி ஒருத்தர் இங்க இருக்காரா?" என்று கேட்டார். அண்ணாச்சியும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான், "நான்தாம்வே அது" என்றார்.

துறைமுகத்தில் கப்பலில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிறவருக்கு டாலி கிளார்க் என்று பெயர். நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. அந்தப் பழக்கம் அவர் கையோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. பூசையில் பிரசங்கம் நீண்டால், சாமியார் எத்தனை முறை 'ஆகவே' என்றார் என்பதை உள்ளங்கையில் கோடு போட்டு எடுத்துவந்து, கோயில் வாசலில் வைத்து அவரிடமே காட்டுவார். அதற்கடுத்த ஞாயிறு பிரசங்கம் பாதியாகக் குறைந்ததாகக் கேள்வி.

பத்து வருடத்துக்கு முன்பு, எழுபதுகளின் தொடக்கத்தில், பாலிடெக்னிக் முடித்த கையோடு எனக்கு அந்த ஊரில் ஒரு ரசாயன ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. இரும்பு, செம்பு, பித்தளைத் துண்டுகளை உப்புக்காற்றில் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை எடுத்து நிறுத்துப் பார்த்து, எது எவ்வளவு அரித்திருக்கிறது என்று எழுதி வைப்பது என் வேலை. அண்ணாச்சி வீட்டு மாடி காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். உள்ளே காலை வைத்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முன்னறைச் சுவர் முழுக்கக் கத்தி. மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்னக் கத்திகள், ஐம்பத்தெட்டு. எல்லாம் பாதி திறந்தபடி ஆணிகளில் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் சுண்ணாம்புச் சுவரில் பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது.

"பயப்படாதீய அக்கா. எல்லாம் பேனாக்கத்திதான்" என்றார் அண்ணாச்சி.

"பேனா எங்க இருக்கு?" என்றாள் அம்மா.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னளா வேலை பாக்க?"

"இரும்பு துருப்பிடிக்கிறதைப் பாக்கேன், அண்ணாச்சி."

"அதுக்குச் சம்பளம் குடுக்காவளா?"

"குடுக்காவ."

அவர் உள்பக்கம் பார்த்துக் கத்தினார். "ஏ பிலோ! இங்கன வந்து கேளு. துருவைப் பாத்துக்கிட்டு நிக்கதுக்கு ஒரு கம்பெனியில சம்பளம் குடுக்கானாம். நான் பத்து வருசமா சும்மால்லா பாத்துக்கிட்டிருக்கேன்!"

அவருடைய மனைவி பிலோ மதினி குசினியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "அந்தக் கம்பெனியில இந்தச் சுவரையும் சேத்து எடுத்துக்கிடுவாவளான்னு கேளுங்க."

அந்த வாரமே நாங்கள் குடிவந்தோம். வந்த அன்றே எனக்கும் பெயர் போயிற்று. அண்ணாச்சிக்கு நான் 'பாலிடெக்னிக்கு'.

அப்போதெல்லாம் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. ஆழம் போதாமல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தோணியோடு அண்ணாச்சியும் போவார். போகும்போது அவர் மடியில் ஒரு டப்பா மக்ரூன் இருக்கும். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்து, வாயில் வைத்தால் காணாமல் போகிற அந்தப் பண்டத்தை, மாசக்கணக்கில் உப்புக்கண்டம் தின்று நாக்குச் செத்துப்போன ஒரு மாலுமியிடம் நீட்டினால் என்ன ஆகும்? பேனாக்கத்தியைத் தருவான். ஒரு நார்வேக்காரச் சமையல்காரர் இரண்டாவது டப்பாவுக்குக் கப்பலையே எழுதித் தர இருந்ததாகவும், கேப்டன் வந்து தடுத்துவிட்டதாகவும் அண்ணாச்சி சொல்வார். கேப்டன் வந்தது வரை நான் நம்புகிறேன்.

இதில் ஒரு சட்டம் உண்டு. கத்தியைக் கையோடு கை கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்வார். ஆனால் அண்ணாச்சி இதைச் சர்வதேசச் சட்டம் ஆக்கிவிட்டார். மாலுமி கத்தியை நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தாடையால் மூட்டையைக் காட்டுவார். அவன் மூட்டைமேல் வைப்பான். இவர் எடுத்துக்கொள்வார். தூத்துக்குடியில் எதையும் மூட்டைமேல் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு கப்பல் முழுக்க நம்பி, சுங்க அதிகாரி வந்தபோது காகிதங்களைப் பருத்தி மூட்டைமேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்களாம். வீட்டில் அதற்கென்றே ஒரு மரத்தட்டு இருந்தது. கத்தியைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் தட்டில்தான் கிடைக்கும். மறைமாவட்ட ஆயருக்கும் அதே தட்டுத்தான்.

இன்னொரு வித்தையும் உண்டு. பேனாக்கத்தியை மடக்கும்போது ஒரு சத்தம் வருமே, அதை வைத்து எது எந்தக் கத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தெரு ஆண்கள் வந்து உட்கார்ந்து சோதிப்பார்கள். 'டக்' என்றால், "செர்மன்காரன், கொம்புப் பிடி." 'சடக்' என்றால், "இத்தாலி. அவன் எப்பவும் ரெண்டு தடவ பேசுவான்." ஒருநாள் குறும்புக்காக ஒருவர் பூட்டை மூடிக் காட்டினார். அண்ணாச்சி கண்ணைத் திறக்கவேயில்லை. "அது ஒன் வீட்டுக் கொல்லக் கதவுப் பூட்டுல்லா. இங்க வந்து உக்காந்திருக்கியே, வீடு தொறந்தா கெடக்கு?" பூட்டைக் கொண்டுவந்தவர் எழுந்து ஓடினார்.

இதையெல்லாம் பார்த்து நானும் முதலில் அவரை ஒரு விளையாட்டுக்காரர் என்றுதான் எண்ணியிருந்தேன். சுவரின் நடுவில், மற்றவற்றிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஒரு கத்தி தனியாகத் தொங்கியது. கறுத்த அலகு, கறுத்த கொம்புப் பிடி. அதன் பக்கத்தில் சுவரில் பென்சிலால் நான்கு கோடுகள். அதைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் முகத்தை முதன்முதலாகச் சிரிப்பில்லாமல் பார்த்தேன்.

அது அவருடைய கத்தியே அல்ல. ஒரு கிரேக்கக் கப்பலின் எஞ்சின் அறைக்காரருடையது. படகுத் துடுப்பு மாதிரி இரண்டு பக்கமும் நீண்ட மீசை வைத்தவர். அண்ணாச்சி இரண்டு டப்பா மக்ரூன் நீட்டியும் அவர் தரவில்லை. "மை பாப்பா" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அப்பா வைத்திருந்த கத்தி. ஆனால் பிடியில் ஓர் ஆணி தளர்ந்து அலகு ஆடிக்கொண்டிருந்தது. "ஐ டேக். ஐ ரிப்பேர். டுமாரோ ஐ பிரிங்" என்றார் அண்ணாச்சி. மீசைக்காரர் வெகுநேரம் யோசித்து, கத்தியை மூட்டைமேல் வைத்தார்.

அண்ணாச்சி பட்டறையில் பக்கத்திலேயே நின்று ஆணியை இறுக்கி வாங்கினார். மறுநாள் கடல் கொந்தளிப்பு, தோணி போகவில்லை. அதற்கு மறுநாள் போனால், கப்பல் நின்ற இடத்தில் கடல் மட்டும் இருந்தது.

"ஏளா பாலிடெக்னிக்கு, நான் இருவது வருசமா மூட்டை எண்ணுதேன். ஒண்ணு கூடுது, ஒண்ணு கொறையுதுன்னு ஒரு பய என்னைச் சொன்னது கெடையாது. இப்பம் இந்த ஒலகத்துல எங்கயோ ஒருத்தன் கப்பல்ல உக்காந்து, தூத்துக்குடியில ஒரு கள்ளன் எங்கப்பன் கத்தியை அடிச்சிட்டுப் போய்ட்டான்னு சொல்லிக்கிட்டிருக்கான். அத எந்தப் பாஷையில சொல்லுதான்னுகூட எனக்குத் தெரியாது."

கிரேக்கக் கொடி உள்ள கப்பல் எது வந்தாலும் போய் மீசைக்காரரை விசாரிப்பார். இல்லை என்றால் சுவரில் ஒரு கோடு. அதுவரை நான்கு கப்பல்கள். மீசைக்காரர் வரும் நாளில் கத்தி நன்றாக இருக்க வேண்டும். தூத்துக்குடிக் காற்றோ அதற்குச் சம்மதிக்கிறதாக இல்லை. சண்டையின் காரணம் இதுதான்.

நான் வருவதற்கு முன்பே இரண்டு படையெடுப்புகள் நடந்து முடிந்திருந்தன. முதலாவது அரிசி. ஈரத்தை அரிசி இழுக்கும் என்று யாரோ சொல்ல, ஐம்பத்தெட்டையும் அரிசி டிரம்மில் புதைத்தார். பிலோ மதினி உலை வைக்க உழக்கை விட்டு அள்ளினால், உழக்குக்கு ஒரு கத்தி வந்தது. "அரிசியில கல்லு பொறுக்கினவளைப் பாத்திருப்ப. கத்தி பொறுக்கினவளைப் பாத்திருக்கியா?" என்று என்னிடம் கேட்டார். இரண்டாவது தோல். செருப்புத் தைப்பவரிடம் சொல்லி ஒவ்வொன்றுக்கும் உறை தைத்துப் போட்டார். மூன்றே மாதத்தில் முன்னைவிட மோசமாகத் துரு. தோலைப் பதப்படுத்தின உப்பும் மருந்தும் அதிலேயே தங்கியிருக்கும், இரும்பை அவை அரிக்கும், கத்தியை உறையில் போட்டு வைக்கவே கூடாது என்று குடிவந்த பிறகு நான் விளக்கினேன். அவர் அந்த ஐம்பத்தெட்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு செருப்புத் தைப்பவரிடம் சண்டைக்குப் போய், பேசிப் பேசிச் சிநேகமாகி, புதுச் செருப்போடு திரும்பினார்.

மூன்றாவது படையெடுப்பை நான் நேரில் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட முகர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். தோணியின் அடிமரத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவார்கள், உப்புத் தண்ணீர் ஏறாது. மரத்தைக் காப்பது இரும்பைக் காக்காதா? ஒரு சனிக்கிழமை நான் வேலைக்குப் போன நேரத்தில் ஐம்பத்தெட்டுக் கத்திக்கும் சுறா எண்ணெயைத் தடவிவிட்டார். மாலையில் தெருமுனை திரும்பும்போதே என் மூக்கு என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தது. வாசலில் பூனைகள். நான் எண்ணியது பதினேழு. அண்ணாச்சி எண்ணியது பத்தொன்பது. அவர் தொழில்முறை எண்ணிக்கைக்காரர், அதையே வைத்துக்கொள்வோம். எல்லாம் முன்னறையில் சுவரைப் பார்த்து, பூசைக்கு வந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. எதிர்வீட்டுப் பெண்மணி வந்து எட்டிப் பார்த்து, "என்ன மதினி, ராத்திரிக்குச் சுறாப் புட்டா?" என்றார்.

"ஆமா. கத்திப் புட்டு. தட்டு எடுத்துட்டு வாங்க" என்றார் மதினி.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: சுறா எண்ணெய் வேலை செய்தது. துரு நின்றது. ஆனால் மதினி பேசுவதும் நின்றது. ஒன்பதாம் நாள் அண்ணாச்சி எண்ணெயை வழித்துத் துடைத்தார்.

நான்காவது, மாதா கூடு. வீட்டிலேயே காற்றுப் புகாத ஒரே இடம் முன்னறையில் இருந்த கண்ணாடிக் கூடுதான். தேக்கு மரம், உள்ளே மாதா சுரூபம். ஒருநாள் மாலை மதினி மெழுகுதிரி ஏற்றப் போனால், மாதாவின் காலடியில் ரோஜாப்பூக்களுக்கு நடுவே அந்தக் கறுப்புக் கத்தி மடங்கிக் கிடக்கிறது. அன்று மாடியில் இருந்த எங்களுக்கு ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்டது.

"மாதா காலடியில கத்தியா? ஒங்களுக்குக் கை வெளங்குமா?"

"ஏன், வியாகுல மாதா நெஞ்சுல ஏழு வாள் சொருவி வச்சிருக்கே, அதுக்கு மட்டும் மெழுகுதிரி ஏத்துத? நான் மடக்கித்தானே வச்சிருக்கேன்!"

"அது வியாகுல மாதா. இது சகாய மாதா. ஒங்களுக்கு வாக்கப்பட்டு இந்த வீட்டுல வியாகுலப்படுதது நான் ஒருத்திதான். ஏளா பாலிடெக்னிக்கு! ஒன் படிப்பு இதுக்கு ஒதவாதா? இல்ல, துருவைச் சும்மா பாக்க மட்டுந்தான் படிச்சியா?"

மதினியும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். கேள்வியும் சரியாகத்தான் இருந்தது. நான் ஒரு தாளை எடுத்து எழுதினேன். காற்று உள்ளே போகக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்ச ஏதாவது வேண்டும். கத்தி மரத்தையோ சுவரையோ தொடக் கூடாது. வியர்வைக் கை அலகில் படக் கூடாது. கத்தியைப் பார்க்க அதை வெளியே எடுக்கவே தேவையிருக்கக் கூடாது.

பெட்டி செய்ய அண்ணாச்சி தச்சரைக் கூப்பிடவில்லை. தோணி கட்டுகிற ஓடாவியைக் கூப்பிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே அளவு, தண்ணீர் புகக் கூடாது என்பது. இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்து, முன்பக்கம் கண்ணாடிக் கதவு போட்டு, சுவரளவு ஒரு பெட்டி செய்தார். முடித்ததும் முற்றத்தில் மல்லாக்கப் போட்டு உள்ளே ஆறு குடம் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. "இதக் கடல்ல விட்டா தானாக் கொழும்புக்குப் போயிரும்" என்றார் பெருமையாக. அது காய்வதற்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

அதை எதிர்ச்சுவரில் நிறுத்தினோம். உள்ளே ஐம்பத்தெட்டுப் பித்தளைக் கொக்கிகள். அடியில் ஒரு கிண்ணத்தில் சிலிக்கா ஜெல், நீலக் கற்கண்டு மாதிரி இருக்கும். காய்ந்திருக்கும்வரை நீலம், ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பு. சூடாக்கினால் மறுபடி நீலம். அதற்கென்று தனிச் சட்டி, அதில் வேறு எதையும் சமைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். தினமும் காலையில் அண்ணாச்சி பல் விளக்குவதற்கு முன் கிண்ணத்தைப் பார்ப்பார். "ஏளா, நீலமாத்தான் கெடக்கு!" என்று மாடிக்குச் சத்தம் வரும். கப்பலில் நேரத்துக்கு மணி அடிக்கிற மாதிரி எனக்கு அது பழகிவிட்டது.

ஒவ்வொரு கத்திக்கும் ஓர் அட்டையும் எழுதினேன். எண், நாடு, அலகின் நீளம், பிடி, பழுது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "சத்தம் எங்க?" என்றார்.

"சத்தத்தை அளக்க முடியாது, அண்ணாச்சி."

"அளக்க வேண்டாம்ளா. எழுது."

அது விஞ்ஞானம் இல்லை என்று நான் சொன்னேன். இது சோதனைக்கூடம் இல்லை, என் வீடு என்று அவர் சொன்னார். எழுதினேன். 41, கிரீஸ், கொம்புப் பிடி, சத்தம்: 'ணக்', கடைசியில் லேசாக இழுக்கும்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கத் தெருத் தெருவாக ஆட்கள் வந்தார்கள். புன்னைக்காயலிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி வேனை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று. காற்று முதன்முறையாகத் தோற்றது. மதினி தன் சுவரில் இருந்த பழுப்புக் கோடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார். பென்சில் கோடு நான்கை மட்டும் அண்ணாச்சி தொடவிடவில்லை.

அதற்குள் புதுத் துறைமுகம் வந்துவிட்டது. கப்பல்கள் கரையோடு ஒட்டி நின்றன. ஒருநாள் மத்தியானம் அண்ணாச்சி சைக்கிளைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். "ஏளா! அந்தக் கப்பல் வருதாம்! ஏஜெண்டு ஆபீஸ்ல சொல்லுதாவ. பத்து நாள்ல."

"மீசைக்காரர் அதிலேயே இருக்காரா?"

"அதத் தெரிஞ்சா நான் ஏன் இப்படி வேர்க்கேன்?"

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன். அந்த வயதில் எனக்கு என் தொழிலில் இருந்த நம்பிக்கை இரண்டு பேருக்குப் போதும். கப்பல் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, அண்ணாச்சி வேலைக்குப் போயிருந்தபோது, மாற்றுச்சாவியால் பெட்டியைத் திறந்து நாற்பத்தொன்றை எடுத்துப் பார்த்தேன். அலகு முழுக்கக் கறுப்பு. நுனியில் இலங்கை வரைபடம் மாதிரி ஒரு பழுப்புக் கறை. இந்த நிலையிலா ஒருவரிடம் திருப்பிக் கொடுப்பது? சோதனைக்கூடத்தில் மூன்று வகை மெருகுப்பொடி இருந்தது. முரடானது, நடுத்தரம், மென்மையானது. மூன்றையும் அந்த வரிசையில் போட்டேன். பிடியில் ஏறியிருந்த அழுக்கையும் விடவில்லை. மாலைக்குள் கத்தி கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

அண்ணாச்சி வந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "என் மூஞ்சி தெரியுதுளா" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் கத்தியைக் காதோரம் வைத்து மடக்கிக் கேட்டார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, கொக்கியில் மாட்டினார்.

மீசைக்காரர் அந்தக் கப்பலில் இருந்தார். மீசை நரைத்திருந்தது, நீளம் குறையவில்லை. சைக்கிள் ரிக்‌ஷா முழுக்க அவரே நிறைந்திருக்க, பக்கத்திலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு அண்ணாச்சி ஊர்வலமாக அழைத்து வந்தார். தெரு முழுக்க ஜன்னலில் நின்றது. மதினி மக்ரூனும் கலர் சோடாவும் வைத்தார். அண்ணாச்சி பெட்டியைத் திறந்து, நாற்பத்தொன்றை மரத்தட்டில் வைத்து, இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

மீசைக்காரர் எடுத்தார். புரட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் அலகு பளீரென்று அவர் கண்ணில் அடித்தது. திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"நோ. நாட் மைன்."

"யுவர் பாப்பா நைஃப்!" என்றார் அண்ணாச்சி.

"நோ. மை பாப்பா, பிளாக். ஓல்டு. திஸ் நியூ." அவர் சிரித்தார். அது கோபச் சிரிப்பாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு நல்ல மனிதர், தனக்கு நேர்ந்த திருட்டை விருந்து வைத்தவர்கள் எதிரில் சொல்ல வேண்டாம் என்று சிரிக்கிற சிரிப்பு அது. பழையதை விற்றுவிட்டுக் கடையில் புதியதை வாங்கி நீட்டுகிறான் என்று எண்ணிவிட்டார். தொப்பியைக் கையில் எடுத்தார்.

பல வருடம் சுறா எண்ணெயும் அரிசியும் போட்டுக் காத்த மனிதரை, ஒரே மாலையில் மூன்று வகைப் பொடி போட்டு நான் கள்ளனாக்கிவிட்டேன். "சார், ஐ..." என்று தொடங்கினேன்.

"ஏளா, நீ பேசாம நில்லு" என்றார் அண்ணாச்சி. மீசைக்காரர் பக்கம் திரும்பித் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். "ஐ கிளீன். மை ஹேண்ட். மை மிஸ்டேக்."

மீசைக்காரர் மரியாதையாகத் தலையை அசைத்தார். நம்பவில்லை.

அண்ணாச்சி நாற்காலியைக் காட்டினார். பிறகு, "யூ. சிட். ஷட் ஐஸ்" என்றார்.

சுவர் நிறையக் கத்தி இருக்கிற அறையில், ஒரு கத்தியைப் பற்றித் தகராறு நடந்துகொண்டிருக்கையில், கண்ணை மூடு என்று சொன்னால் யார் மூடுவார்கள்? மீசைக்காரர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். கடைசியில் மதினிதான் அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கண்ணை இறுக்கி மூடிக் காட்டினார். "இப்படி மூடுங்கய்யா. இந்த மனுசன்கிட்ட இத்தன வருசமா நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் குடும்பம் நடத்துதேன். ஒண்ணும் ஆகல்ல." சொல் புரியாவிட்டாலும் முகம் புரிந்திருக்க வேண்டும். மூடினார்.

அண்ணாச்சி ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு கத்தியாக எடுத்து, அவர் காதருகே திறந்து மடக்கினார். டக். டொக். சடக். பத்து, இருபது, முப்பது. மீசை அசையவேயில்லை. நான் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஐந்து நல்ல கட்டங்களையும் விட்டு, நான் எழுத மாட்டேன் என்ற ஆறாவது கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது.

ணக்.

மீசைக்காரரின் கை எழுந்தது. கண்ணைத் திறக்காமல், ஒரு விரலை உயர்த்தி, இன்னொரு முறை என்று காட்டினார். அண்ணாச்சி திறந்து மடக்கினார். ணக். கடைசியில் அந்த லேசான இழுப்பு.

"பாப்பா" என்றார் அவர். மூடின கண்ணிலிருந்து இறங்கியது மீசையில் வந்து நின்றது.

கண்ணைத் திறந்து, அவர் கையை நீட்டினார். அண்ணாச்சி கத்தியை அந்தக் கையில் வைத்தார்.

முதலில் கவனித்தது மதினிதான். "ஐயோ, தட்டு இங்கனல்லா இருக்கு! கையிலயா குடுத்தீய? சண்டை வருமே!"

அண்ணாச்சி தன் வெறுங்கையைப் பார்த்தார். "வரட்டும்ளா பிலோ. சண்டை போடவாவது இந்த ஆளு திரும்பி வரட்டும்."

பிறகு மீசைக்காரர் சைகையால் ஏதோ புளிப்பான பழம் கேட்டார். மதினி மாங்காய் கொண்டுவந்தார். அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துண்டு போட்டுத் தெருவுக்கெல்லாம் கொடுத்தார். ஐந்தாவது மாங்காயில் என் கண்ணாடி மெருகு மங்கத் தொடங்கியது. பத்தாவதில் அலகு மழைமேக நிறத்துக்கு வந்துவிட்டது. அவர் அதை என்னிடம் காட்டித் திருப்தியாகத் தலையாட்டினார். அவருடைய அப்பாவும் அவரும் ஒரு வாழ்நாள் பழம் நறுக்கி ஏற்றிய கறுப்பு அது. அந்தக் கறுப்பே இரும்புக்கு ஒரு காப்பு என்பது என் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அவர் போன பிறகு அண்ணாச்சி பென்சிலை எடுத்து, சுவரில் இருந்த நான்கு கோட்டுக்கும் குறுக்கே ஐந்தாவதைக் கிழித்தார். நாற்பத்தொன்றாம் கொக்கியில் வேறு எதையும் மாட்டவில்லை. யார் மெருகு போட்டது என்று அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவுமில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "நீலமா இருக்கா பாரு" என்று கிண்ணத்தைக் காட்டினார்.

போன வருடம் எனக்குச் சென்னைக்கு வேலை மாறிற்று. புறப்படுகிற அன்று அண்ணாச்சி பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தார். பன்னிரண்டாம் எண், 'டிக்' என்று ஒரே சத்தம். மரத்தட்டு மேசையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் கத்தியை வைத்து, என் விரல்களை மூடினார்.

"துரு வந்தா நீ தொட்டுராத, என்ன? ஒன் பொடியெல்லாம் வேண்டாம். இங்கன எடுத்துட்டு வா."

போன வாரம் அதன் நுனியில் ஒரு புள்ளி தெரிந்தது, கடுகில் பாதி. சோதனைக்கூடத்தில் அதைப் போக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். தூத்துக்குடி வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.